புழக்கடைப் பக்கம்: முட்டைக் காசு மண்ணில் சிந்தலாமா?



சில இதழ்களாகவே இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களில் ஒரே புலம்பல் திரும்பத் திரும்ப வந்துகொண்டிருக்கிறது. "பத்துக் கோழி வைத்திருக்கிறேன். தீனி வாங்கியே கை காலியாகிறது. கணக்குப் பார்த்தால் முட்டையைக் கடையிலேயே வாங்கிவிடலாம் போலிருக்கிறது. மலிவான தீவனம் ஏதாவது இருந்தால் எழுதுங்களேன்" என்பதுதான் எல்லாவற்றுக்கும் சாரம்.

மலிவுத் தீவனம் பற்றிச் சொல்வதற்கு முன்னால் உங்களை நான் ஒன்று கேட்கிறேன். நீங்கள் வைக்கிற தீனியில் கோழியின் வயிற்றுக்குப் போவது எவ்வளவு, மண்ணுக்குப் போவது எவ்வளவு என்று என்றைக்காவது பார்த்ததுண்டா? கோழி வளர்ப்பில் ஆகிற செலவில் நூற்றுக்கு 60 முதல் 70 பங்கு தீவனத்துக்கே போகிறது. அந்தப் பெரிய பங்கில் ஓட்டை இருந்தால், கிலோவுக்கு இரண்டு ரூபாய் குறைந்த தீவனத்தைத் தேடி அலைவதில் என்ன லாபம்? ஓட்டைக் குடத்துக்கு மலிவான தண்ணீர் தேடின கதைதான்.

முட்டை விற்ற காசு நம் பெண்களுக்கு மற்றக் காசைப் போல அல்ல. யாரிடமும் கை நீட்டாமல், யாருக்கும் கணக்குச் சொல்லாமல் ஒரு நோட்டுப் புத்தகமோ, காய்ச்சலுக்கு ஒரு மாத்திரையோ வாங்க முடிகிறதே, அது சின்ன விஷயமா? அந்தக் காசு கைக்கு வருவதற்கு முன்பே மண்ணோடு மண்ணாகப் போனால் மனசு கேட்குமா?

ஒரு நாள் சோதனை

எங்கள் ஊர் கோபிச்செட்டிப்பாளையத்துப் பக்கம். எங்கள் தெருவில் ஒரு பெண் எட்டுப் பெட்டையும் ஒரு சேவலும் வைத்திருக்கிறாள். முட்டைக் காசில்தான் மகளுக்கு டியூஷன் பணம் கட்டுகிறாள். போன வருஷம் ஒருநாள் வந்து, "ஏனுங்க்கா, தீனி விக்கிற வெலைக்கு இனி நம்மளால ஆகாதுங்க. வர்ற சந்தையில எல்லாத்தையும் புடிச்சுக் குடுத்தரலாம்னு இருக்கறன்" என்றாள்.

"அவசரப்படாத அம்மிணி. ஒரே ஒரு நாள் பொறு. பழஞ்சேலை ஒண்ணு எடுத்துட்டு வா" என்றேன்.

சேலையை நாலாக மடித்துத் தீவனத் தட்டுக்குக் கீழே அகலமாக விரித்தோம். காலையில் ஒரு கிலோ தீவனம் நிறுத்து வைத்தோம். சாயங்காலம் தட்டில் மிச்சம் இருந்தது 100 கிராம். சேலையில் கிடந்ததைக் கூட்டி, எச்சத்தையும் இறகையும் சலித்து எடுத்துவிட்டு நிறுத்தால் 240 கிராம்! அவளுக்குப் பேச்சே வரவில்லை. "தின்னுட்டுதான இருக்குதுன்னு நெனச்சனுங்க்கா" என்றாள். வைத்ததில் ஏறக்குறைய கால் பங்கு கீழே.

இந்தச் சோதனையை நீங்களும் செய்து பாருங்கள். தராசு இல்லாவிட்டால் ஆழாக்கால் அளக்கலாம். காற்றும் மழையும் இல்லாத நாளாக இருக்கட்டும்.

கணக்கையும் போட்டுப் பார்ப்போம். அடைத்து வளர்க்கிற முட்டைக்கோழி ஒன்றுக்கு நாளொன்றுக்கு 100 முதல் 120 கிராம் தீவனம் வேண்டும். 100 கிராம் என்றே வைத்தாலும் பத்துக் கோழிக்கு ஒரு கிலோ, மாதத்துக்கு 30 கிலோ. அதில் கால் பங்கு சிந்தினால் ஏழரைக் கிலோ. கிலோ 40 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 300 ரூபாய். முட்டை பத்து ரூபாய்க்கு விற்றால் மாதம் 30 முட்டை! தினம் ஒரு முட்டையை எடுத்துச் சுவரில் அடிக்கிறோம் என்று அர்த்தம்.

கோழி ஏன் சிந்துகிறது?

கோழியைத் திட்டிப் பயனில்லை. அதன் பாட்டன் பூட்டன் எல்லாம் சிவப்புக் காட்டுக்கோழி. காட்டில் சருகைக் காலால் கிளறி, அடியில் இருக்கிற புழுவையும் விதையையும் பொறுக்கித் தின்ற இனம். தட்டில் தீனி வைத்தாலும் கால் சும்மா இருக்காது, கிளறத்தான் செய்யும்.

இரண்டாவது, கோழிக்குப் பொறுக்கும் புத்தி. தூளும் குறுணையும் கலந்து வைத்தால் பெரிய பருக்கையைத் தேடும். அலகால் இடமும் வலமும் ஒதுக்கித் தள்ளும். தள்ளியது தட்டுக்கு வெளியே விழும். அது கண்ணில் படாத தூள், அதனால்தான் நமக்குத் தெரிவதில்லை. சத்தெல்லாம் அந்தத் தூளில்தான் இருக்கிறது! தாது உப்பு, வைட்டமின், புண்ணாக்கு, கருவாட்டுத் தூள் எல்லாம் கீழே போய்விட, கோழிக்கு வெறும் சோளம்தான் கிடைக்கிறது. முட்டை குறைவதற்கு இதுவும் ஒரு காரணம்.

தட்டை மாற்றுங்கள்

சிந்துவதைத் தடுக்கப் பெரிய செலவு ஒன்றும் வேண்டாம். மூன்று விஷயம் சரியாக இருந்தால் போதும்.

ஒன்று, உயரம். கோழி நிமிர்ந்து நிற்கும்போது அதன் முதுகு எந்த மட்டத்தில் இருக்கிறதோ, அந்த மட்டத்தில் தட்டின் விளிம்பு இருக்க வேண்டும். அப்போது அதனால் காலைத் தூக்கி உள்ளே வைக்க முடியாது, அலகால் வாரி இறைக்கவும் வசதிப்படாது. செங்கல் வைத்து உயர்த்துங்கள், அல்லது கயிறு கட்டித் தொங்க விடுங்கள். குஞ்சு வளர வளரக் கயிற்றையும் ஏற்றிக்கொண்டே போக வேண்டும்.

இரண்டு, அளவு. "அடிக்கடி யாரு போடறது, ஒரேயடியா ரொப்பி வெச்சுடலாம்" என்று தட்டு நிறையக் கொட்டுவதுதான் பெரிய நஷ்டம். கோழி வளர்ப்புப் பயிற்சிகளில் வழக்கமாகச் சொல்லும் கணக்கு இது: தொட்டி முழுக்க நிரப்பினால் நூற்றுக்கு 30 பங்கு வரை வீணாகும். பாதி நிரப்பினால் 3 பங்கு. மூன்றில் ஒரு பங்கு மட்டும் நிரப்பினால் ஒரே பங்குதான். இது ஒன்றைக் கடைப்பிடித்தாலே பாதி வேலை முடிந்தது.

மூன்று, விளிம்பு. தட்டையான தாம்பாளம், முறம், உடைந்த வாளி மூடி எதுவும் ஆகாது. விளிம்பு உள்பக்கமாக மடிந்திருக்க வேண்டும். நாலு அங்குலப் பி.வி.சி. குழாய்த் துண்டு மூன்றடி வாங்குங்கள். இரண்டு முனையையும் மூடியால் அடைத்துவிட்டு, மேல்பக்கத்தில் மட்டும் இரண்டரை அங்குல அகலத்துக்கு நீளவாக்கில் வெட்டி எடுக்கச் சொல்லுங்கள். ஓரங்கள் தானாகவே உள்ளே வளைந்து நிற்கும். வெட்டிய விளிம்பைத் தேய்த்து மழுங்கச் செய்துவிடுங்கள். வளர்ந்த கோழி ஒன்றுக்கு நாலு அங்குல இடம் வேண்டும். இரண்டு பக்கமும் நின்று தின்னலாம் என்பதால் இந்த மூன்றடிக் குழாய் பத்துக் கோழிக்குத் தாராளம். இடம் பற்றாவிட்டால் வலுத்தது கொத்தும், இளைத்தது தள்ளி நிற்கும், அந்தச் சண்டையிலும் தீனி சிந்தும். குழாயின் மேலே நீளவாக்கில் உருளும்படியாக ஒரு மெல்லிய கம்பைப் பொருத்திவிட்டால் கோழி ஏறி உட்கார்ந்து எச்சமிடாது.

எங்கள் தெருப் பெண் செய்தது இவ்வளவுதான்: தாம்பாளத்தை எடுத்துவிட்டுக் குழாயை வைத்தாள். ஒரே வேளையாகக் கொட்டியதை மூன்று வேளையாகப் பிரித்தாள். பத்து நாள் கழித்து மறுபடியும் சேலையை விரித்தோம். கீழே கிடந்தது ஒரு கைப்பிடிகூட இல்லை. ஒரு கிலோ வைத்த இடத்தில் இப்போது முக்கால் கிலோ போதுமானதாக இருக்கிறது. கோழிகளும் சந்தைக்குப் போகவில்லை, மகளின் டியூஷனும் நிற்கவில்லை.

எப்போது, எப்படி வைப்பது?

காலை வெளிச்சம் வந்ததும் ஒரு முறை, மத்தியானம் கொஞ்சம், சூரியன் இறங்கும் நேரத்தில் ஒரு முறை. கோடையில் உச்சி வெயிலில் கோழி தின்னாது. அப்போது வைக்கிற தீனி காக்கைக்கும் மைனாவுக்கும்தான். விடிகாலையிலும் சாயங்காலத்திலும் கூடுதலாக வையுங்கள். அடையும் நேரத்தில் கோழியைப் பிடித்து, கழுத்துக்குக் கீழே உள்ள தீனிப்பையைத் தடவிப் பாருங்கள். உருண்டையாக நிறைந்திருந்தால் வயிறு நிறைந்தது. தொளதொளவென்று வெறுமையாக இருந்தால் அந்தக் கோழிக்குப் பங்கு கிடைக்கவில்லை.

பகலெல்லாம் வெளியே மேய்கிற நாட்டுக்கோழிக்கு மேலே சொன்ன அளவில் பாதி போதும். மீதியைப் புழுவும் பூச்சியும் புல்லும் பார்த்துக்கொள்ளும். அதற்காகச் சாயங்காலத் தீனியை அடியோடு நிறுத்திவிடாதீர்கள். இருட்டுவதற்குள் தீனி வைத்துப் பழக்கினால்தான் கோழி ஒழுங்காக வீடு திரும்பும்.

தூள் தீவனம் என்றால், ஒரு வேளைக்கு உண்டானதை மட்டும் எடுத்துத் தண்ணீர் தெளித்துப் பிசிறி வையுங்கள். புட்டு மாவு பதம், அதாவது பிடித்தால் பிடிபட வேண்டும், உதிர்த்தால் உதிர வேண்டும். தூளும் பருக்கையும் ஒட்டிக்கொள்வதால் பொறுக்க முடியாமல் எல்லாவற்றையும் தின்றுவிடும். கால் மணி, இருபது நிமிஷத்தில் தீர்ந்துபோகிற அளவுதான் வைக்க வேண்டும். மிஞ்சியதை எடுத்துவிட்டுத் தட்டைக் கழுவிக் காய வையுங்கள். ஈரத் தீனி நம் ஊர் வெயிலுக்குச் சில மணி நேரத்திலேயே புளித்துவிடும். குச்சித் தீவனம் வாங்கினால் இந்த வேலையில்லை, விலைதான் கூடுதல்.

முழுத் தானியத்தை, அதாவது கம்பு, சோளம் போன்றவற்றைக் காய்ந்த சுத்தமான தரையில் இறைக்கலாம். ஒவ்வொரு மணியையும் தேடித் தின்றுவிடும், கிளறுகிற ஆசையும் தீரும். தூளை மட்டும் ஒருநாளும் தரையில் போடக்கூடாது.

தண்ணீர்ப் பாத்திரம் தீனித் தட்டுக்கு ஒட்டினாற்போல வேண்டாம். அலகில் ஒட்டிய தீனி தண்ணீரில் கரையும், தண்ணீர் சிந்தித் தீனி நனையும். நாலைந்து அடி தள்ளி, நிழலில் வையுங்கள். ஆனால் தண்ணீர் மட்டும் வற்றவே கூடாது. கோழி தின்கிற தீனியைப் போல இரண்டு மடங்கு தண்ணீர் குடிக்கும், கோடையில் இன்னும் அதிகம். தண்ணீர் இல்லாத கோழி தீனியும் எடுக்காது, முட்டையும் இடாது.

அடைத்து வளர்ப்பவர்கள் ஒரு சிரட்டையில் சிறு கல்லும் கரடுமணலும் வையுங்கள். கோழிக்குப் பல் ஏது? வயிற்றுக்குள் போன கல்தான் அதற்கு ஆட்டுக்கல். அது இல்லாவிட்டால் தின்ற தானியம் சரியாக அரையாமல் சத்து வீணாகும். இன்னொரு சிரட்டையில் கிளிஞ்சல் தூளோ, வறுத்துப் பொடித்த முட்டை ஓடோ வைத்தால் முட்டை ஓடு கெட்டியாக இருக்கும்.

எலிக்கு விருந்து வைக்காதீர்கள்

ஒரு வளர்ந்த எலி ஓர் இரவில் 20, 25 கிராம் தீனியைத் தின்றுவிடும். நாலைந்து எலி சேர்ந்தால் ஒரு கோழியின் தீனி போயிற்று. தின்றதைவிட அசிங்கம் செய்வது அதிகம். எலியின் சிறுநீரால் எலிக்காய்ச்சல் மனிதருக்கு வரும். கோழி இருட்டில் தின்னாது. ஆகவே அடைக்கும்போதே தட்டை எடுத்து உள்ளே வைத்துவிடுங்கள். கீழே சிந்தியதைப் பெருக்கிவிடுங்கள். காக்கையும் குருவியும் சிந்திய தீனிக்கு வந்து போனால் வெள்ளைக்கழிச்சல் போன்ற நோய்களைக் கொண்டுவரக்கூடும். அதற்குத் தடுப்பூசி உண்டு, கால்நடை மருந்தகத்தில் கேட்டுக் காலத்தில் போட்டுவிடுங்கள்.

தீவன மூட்டையைத் தரையில் சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள். மூடியுள்ள தகர டிரம்மில் கொட்டி, செங்கல்லின் மேல் பலகை போட்டு வையுங்கள். ஒரு மாதத்துக்கு மேல் வாங்கிச் சேர்க்க வேண்டாம். பழையது தீர்ந்து டிரம்மைத் துடைத்த பிறகே புதியதைக் கொட்டுங்கள்.

இந்தச் சிக்கனம் மட்டும் வேண்டாம்

இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன். நனைந்து பூசணம் பிடித்த தீவனத்தை, "மனுஷங்களுக்கா போடறோம், கோழிக்குத்தானே" என்று போடாதீர்கள். 1960-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் செத்து விழுந்தன. காரணம் தெரியாமல் 'எக்ஸ் நோய்' என்று பேர் வைத்தார்கள். கடைசியில் பார்த்தால், தீவனத்தில் கலந்திருந்த பூஞ்சை பிடித்த கடலைப் புண்ணாக்கு! அந்தப் பூஞ்சை கக்குகிற நஞ்சுக்குத்தான் அஃப்ளடாக்ஸின் என்று பெயர். ஈரலைக் கெடுக்கும், முட்டையைக் குறைக்கும், முட்டை வழியாகச் சிறிதளவு நமக்கும் வரலாம். வெயிலில் காய வைத்தாலும், வேக வைத்தாலும் அந்த நஞ்சு முழுதாகப் போகாது. கட்டி தட்டியிருந்தாலோ, பூசண வாடை அடித்தாலோ குழி தோண்டிப் புதைத்துவிடுங்கள். நம் பக்கத்தில் கடலைப் புண்ணாக்குத்தானே எல்லார் வீட்டிலும் உண்டு? வாங்கும்போதே உடைத்து முகர்ந்து பாருங்கள்.

அதேபோல, மிச்சம் பிடிப்பது வேறு, பட்டினி போடுவது வேறு. அளவைக் குறைத்தால் கோழி முதலில் நிறுத்துவது முட்டையைத்தான். இறகு உதிர்க்கிற காலத்தில், "முட்டைதான் இடலையே" என்று தீனியைக் குறைக்கவே கூடாது. புது இறகு முளைக்க அப்போதுதான் சத்து வேண்டும்.

கண்ணுக்குத் தெரியாத சேதாரம்

குடலில் புழு இருந்தால் நாம் போடுகிற தீனி புழுவுக்கே போகும். நன்றாகத் தின்றும் நெஞ்செலும்பு துருத்திக்கொண்டு தெரிகிறதா? மேய்ச்சல் கோழிக்குச் சுமார் மூன்று மாதத்துக்கு ஒரு முறை, கால்நடை மருத்துவர் சொல்லும் அளவில் குடற்புழு மருந்து கொடுங்கள். மருந்து கொடுத்தபின் எத்தனை நாள் முட்டை சாப்பிடக்கூடாது என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

எட்டு, பத்துப் பெட்டைக்கு ஒரு சேவல் போதும். அதற்கு மேல் இருப்பவை தின்பதற்கும் சண்டைக்கும்தான். முட்டை இடுகிற கோழி எது என்று கண்டுபிடிக்க ஒரு கைப்பக்குவம் உண்டு. ஆசனவாய்க்கு இரண்டு பக்கமும் இருக்கிற எலும்பு முனைகளுக்கு நடுவே இரண்டு மூன்று விரல் நுழைந்தால் முட்டையிடுகிறது. ஒரு விரல் நுழையவே சிரமம் என்றால் இப்போது இடவில்லை. அடைக்கோழியையும் இறகு உதிர்ப்பதையும் இந்தக் கணக்கில் சேர்த்து அவசரப்பட்டு விற்றுவிடாதீர்கள்.

செலவில்லாத தீனி

கீரைத் தண்டு, முள்ளங்கி இலை, முருங்கைக்கீரை எல்லாவற்றையும் கட்டாகக் கட்டிக் கோழி எட்டுகிற உயரத்தில் தொங்க விடுங்கள். தரையில் போட்டால் மிதித்து வீணாக்கும். சோறு கொஞ்சமாகக் கொடுக்கலாம். வெறும் சோறே தீனியானால் புரதம் போதாது, கொழுப்பு கட்டி முட்டை குறையும். ஊறுகாய், அப்பளம், கருவாட்டுத் தலை போன்ற உப்புச் சரக்கும், கெட்டுப்போன குழம்பும், பச்சை நிறம் ஏறிய உருளைக்கிழங்குத் தோலும் வேண்டாம்.

குஞ்சுகளுக்கு நம் பாட்டிமார் செய்த கரையான் பானையை மறந்துவிட்டோம். பழைய மண்பானையில் கிழிந்த சாக்கு, காய்ந்த சாணி, வைக்கோல், ஓலைத் துண்டு போட்டுத் தண்ணீர் தெளித்து, கரையான் நடமாட்டம் உள்ள இடத்தில் சாயங்காலம் கவிழ்த்து வையுங்கள். காலையில் பானையை நிமிர்த்திக் குஞ்சுகளின் முன்னால் தட்டினால் ஐந்து நிமிஷத்தில் ஒன்று மிஞ்சாது! காசில்லாத புரதம். வீட்டு மரச் சாமானுக்கும் கூரைக்கும் எட்ட, தோட்டத்துக் கடைசியில் வையுங்கள்.

இத்தனையும் ஒரே நாளில் செய்ய வேண்டும் என்பதில்லை. நாளைக் காலையில் பழஞ்சேலையை விரியுங்கள். சிந்தியதை நிறுத்து எழுதிக்கொள்ளுங்கள். பிறகு தட்டை உயர்த்தி, அளவைக் குறைத்துப் பத்து நாள் கழித்து மறுபடி நிறுத்துப் பாருங்கள். இரண்டு கணக்கையும் எனக்கு ஒரு கார்டில் எழுதிப் போடுங்கள். தீனியைத் தொட்ட கையையும் முட்டை எடுத்த கையையும் சோப்புப் போட்டுக் கழுவக் குழந்தைகளுக்கும் சொல்லிக்கொடுங்கள்.

பல சகோதரிகள் கேட்டிருக்கும் அடை வைக்கிற முறையையும், குஞ்சுகளுக்கு முதல் பத்து நாள் கவனிப்பையும் அடுத்த இதழில் பார்ப்போம்.